வெண்பனி பெண்ட்லி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மாண்ட் என்னும் மாநிலம் உள்ளது. குளிர்காலத்தில் அங்கு வயல், வேலி, கூரை என எல்லாவற்றையும் வெண்பனி மூடிவிடும். அம்மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் வில்சன் ஆல்வின் பெண்ட்லி பிறந்தார். தந்தை பால்மாடு வளர்த்த உழவர். தாய் ஃபேனி திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பெண்ட்லிக்குப் பதினான்கு வயது ஆகும்வரை தாயே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

பெண்ட்லிக்குப் பதினைந்து வயதானபோது தாய் அவருக்கு ஒரு பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தார். அது அவர் வகுப்பறையில் பயன்படுத்தியது. மகன் அதன் கீழே பூவிதழ், மழைத்துளி, புல்நுனி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தார். ஒருநாள் வெண்பனித் துகள் ஒன்றை வைத்துப் பார்த்தபோது அவர் மனம் அதிலேயே நின்றுவிட்டது. வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தூளாகத் தெரிந்தது, நுண்ணோக்கியின் கீழே ஆறு கைகள் கொண்ட படிகமாக விரிந்தது. ஒவ்வொரு கையிலும் சிறு சிறு கிளைகள். அடுத்த துகளை எடுத்தார். அதுவும் அறுகோணம்தான், ஆனால் வடிவம் வேறு.

வெண்பனியை நேரில் பார்த்திராத நமக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பனிப்படிகம் நீண்ட நேரம் காத்திருக்காது. மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும். பெண்ட்லி தாம் கண்ட படிகங்களை வரைந்து வைக்க முயன்றார். பாதி வரைவதற்குள் படிகம் மறைந்துவிடும். மூன்று குளிர்காலங்கள் இப்படியே கழிந்தன. நூற்றுக்கணக்கான படங்கள் வரைந்தும் ஒன்றுகூட அவருக்கு நிறைவளிக்கவில்லை.

நுண்ணோக்கியோடு இணைத்துப் படம் எடுக்கும் கருவி ஒன்று இருப்பதை அவர் அறிந்தார். கருவியும் புதிய நுண்ணோக்கியும் சேர்ந்து ஏறத்தாழ 100 அமெரிக்க வெள்ளி. பாலை விற்று வாழ்ந்த ஓர் உழவர் குடும்பத்திற்கு அது மிகப் பெரிய தொகை. பனியைப் படம் பிடிப்பது வீண்வேலை என்றே தந்தை எண்ணினார். அந்த எண்ணத்தை அவர் பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் தாய் எடுத்துச் சொன்னபோது பணத்தைக் கொடுத்தார். வீண் என்று நினைத்த ஒன்றுக்காக இவ்வளவு பணத்தை எடுத்துக்கொடுத்த அந்தத் தந்தையைப் பற்றி வரலாற்றில் அதிகம் பேசப்படுவதில்லை.

கருவி வந்தது, படம் வரவில்லை. கண்ணாடித் தகட்டில் மங்கலான நிழல்களே விழுந்தன. ஒரு குளிர்காலம் முழுவதும் தோல்வி. இன்று நாம் எடுக்கும் படம் தெளிவாக இல்லையென்றால் என்ன செய்கிறோம்? இதைவிட நல்ல வில்லை எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குகிறோம். பெண்ட்லியிடம் வேறு வில்லை வாங்கப் பணம் இல்லை. ஆகவே, இருக்கும் கருவியையே ஆராய்ந்தார்.

குறை எங்கே இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டும். ஒரு முனையில் நுண்ணோக்கி. மறுமுனையில் கண்ணாடித் தகடு. நடுவில் துருத்தி போன்ற நீண்ட மடிப்புப் பை. பையை நீட்ட நீட்டப் படிகத்தின் உருவம் பெரிதாகும். ஆனால் அதே அளவு ஒளி அதிகப் பரப்பில் பரவுவதால் உருவம் மங்கும். மேலும், பெரிதாக்கிப் பார்க்கும்போது வில்லையால் மிக மெல்லிய ஒரு தளத்தை மட்டுமே தெளிவாகக் காட்ட முடியும். படிகத்தின் ஒரு கை தெளிவாக இருந்தால் இன்னொரு கை கலங்கிப்போகும். ஒளி புகும் துளையை மிகவும் சிறிதாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று பெண்ட்லி கண்டுகொண்டார். துளை சிறிதானால் ஒளி குறையும். அதற்கு ஈடாகப் பத்து நொடியிலிருந்து நூறு நொடி வரை தகட்டின்மேல் ஒளி விழச் செய்தார். அவ்வளவு நேரம் படிகம் உருகாமல் இருக்க வேண்டும். அதனால் குளிர்காய நெருப்பில்லாத கொட்டகையே அவருடைய வேலையிடமாயிற்று.

1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் முதல் தெளிவான படம் கிடைத்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. அந்தக் கருவியின் முன் மண்டியிட்டு வணங்கத் தோன்றியதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

அதன்பின் ஒவ்வொரு பனிப்பொழிவின்போதும் அவர் ஒரே முறையைப் பின்பற்றினார். கறுப்புப் பலகை ஒன்றை வெளியே நீட்டித் துகள்களை ஏந்துவார். கைச்சூடு படாமலிருக்கப் பலகைக்குக் கம்பியால் கைப்பிடி அமைத்திருந்தார். பூதக்கண்ணாடியால் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பார். மற்றவற்றை இறகால் துடைத்துவிடுவார். துடைப்பக்குச்சியின் நுனியால் அந்தப் படிகத்தைத் தொட்டெடுத்துக் குளிர்ந்த கண்ணாடிச் சில்லின்மேல் வைத்து, இறகால் மெல்ல அழுத்திப் படியவைப்பார். இவையனைத்தும் மூச்சை அடக்கிக்கொண்டுதான். தடித்த கையுறை அணிந்த கையால் நுண்ணோக்கியின் திருகைத் திருப்ப முடியவில்லை. அதற்குக் கயிறும் சக்கரமும் பூட்டித் தாமே ஒரு வழி செய்துகொண்டார்.

ஆண்டுகள் ஓடின. 1888இல் சுருள்படம் போட்ட கோடாக் கேமரா வந்தது. 1925இல் உள்ளங்கையில் அடங்கும் லைக்கா வந்தது. வில்லைகளும் தகடுகளும் மேம்பட்டுக்கொண்டே போயின. பெண்ட்லி தம் கருவியை மாற்றவில்லை. பதின்ம வயதில் வாங்கிய அதே கருவியால் தம் வாழ்நாளின் இறுதிவரை 5,000க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படம்பிடித்தார். வறுமை இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. தம் படங்களின் கண்ணாடிப் படிகளை அவர் ஒன்று ஐந்து காசுக்கு விற்றார். ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தடையாக இருந்தவை குளிர், ஒளி, உருகும் வேகம் ஆகியவை. விலையுயர்ந்த வில்லை இவற்றில் எதையும் மாற்றியிருக்காது. ஒரே கருவியால் எடுத்ததால், 1885ஆம் ஆண்டின் படிகத்தையும் 1925ஆம் ஆண்டின் படிகத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் முடிந்தது.

அவருடைய படங்களைக் குறைகூறியவர்களும் உண்டு. ஜெர்மனியில் குஸ்டாவ் ஹெல்மான் என்ற வானிலை அறிஞர் 1893இல் பனிப்படிகங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதற்கு ரிச்சர்ட் நாய்ஹாஸ் படம் எடுத்துக்கொடுத்தார். அப்படங்களில் கை உடைந்த படிகங்களும் கோணலான படிகங்களும் நிறைய இருந்தன. பெண்ட்லியின் படங்களிலோ எல்லாமே அழகாக இருந்தன. அத்துடன், படிகம் கறுப்புப் பின்னணியில் எடுப்பாகத் தெரிவதற்காக, பெண்ட்லி தகட்டில் படிகத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். அப்படிச் சுரண்டும்போது படிகத்தின் விளிம்பே மாறிவிடக்கூடும் என்பது ஹெல்மானின் குற்றச்சாட்டு. பெண்ட்லி மூலத்தகட்டைத் தொடவில்லை; அதன் படியில்தான் சுரண்டினார். ஆயினும் ஹெல்மான் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. வானிலிருந்து விழும் துகள்களில் பெரும்பாலானவை ஒழுங்கற்றவையே. பெண்ட்லி அழகானவற்றைத் தேடித் தேடி எடுத்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

நெடுநாள்வரை அவர் எடுத்த படங்கள் ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாமலிருந்தன. வெர்மாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பெர்க்கின்ஸ் உதவியதால் 1898இல் முதல் கட்டுரை வெளிவந்தது. எந்த இரண்டு பனிப்படிகமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்ற கருத்து உலகெங்கும் பரவியதற்கு அவருடைய கட்டுரைகளும் படங்களுமே முதன்மைக் காரணம். நகை வடிவமைப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் அவருடைய படங்களை வாங்கினர். ஜெரிக்கோ மக்களில் பலருக்கோ அவர் பனியோடு விளையாடும் ஒரு விந்தை மனிதராகவே தெரிந்தார்.

கோடையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. மழைத்துளி எவ்வளவு பெரியது என்று அறிய விரும்பினார். தட்டில் மாவைப் பரப்பி, சில நொடிகள் மழையில் காட்டுவார். துளி விழுந்த இடத்தில் மாவு சிறு உருண்டையாகத் திரளும். அது காய்ந்ததும் அளந்து பார்ப்பார். இதற்குக் கருவியே தேவைப்படவில்லை. சமையலறை மாவு போதுமாயிருந்தது. இந்த ஆய்வை 1904இல் வெளியிட்டார். 1943இல் அமெரிக்காவின் மண்வள ஆய்வாளர் இருவர் மழைத்துளிகளை அளந்தபோதும் இதே மாவு முறையையே கையாண்டனர்.

பெண்ட்லி திருமணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த பண்ணை வீட்டிலேயே அண்ணன் குடும்பத்தோடு வாழ்ந்தார், மாடு கறந்தார், ஓய்வு நேரத்தில் பியானோ வாசித்தார். 1924இல் அமெரிக்க வானிலையியல் கழகம் தனது முதல் ஆய்வு உதவித்தொகையை அவருக்கு வழங்கியது. அந்தத் தொகை 25 வெள்ளிதான். வானிலைத் துறையைச் சேர்ந்த வில்லியம் ஹம்ஃப்ரீஸ் அவருடைய படங்களைத் தொகுக்கத் துணைநின்றார். 2,400க்கும் மேற்பட்ட படங்கள் அடங்கிய அந்நூல் 1931ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு பெண்ட்லிக்குக் கிடைத்தது.

அதே டிசம்பரில் பனிப்புயலினூடே நெடுந்தூரம் நடந்து வீடு திரும்பிய அவரை நுரையீரல் அழற்சி தாக்கியது. டிசம்பர் 23ஆம் நாள், தாம் பிறந்த அதே வீட்டில் அவர் காலமானார். அவர் நாள்தோறும் வானிலையைக் குறித்துவந்த ஏட்டில் கடைசிக் குறிப்பு டிசம்பர் 7ஆம் நாளுக்குரியது. அன்று பிற்பகல் குளிர்ந்த வாடைக்காற்று வீசியதையும் பனி பறந்ததையும் அதில் பதிவுசெய்திருந்தார்.