புற்றுநோயைப் பட்டினி போட்டவர்

ஜவ்வாது மலைக் கிராமம் ஆனாலும் சரி, சென்னைப் பட்டணம் ஆனாலும் சரி, கர்ப்பிணிகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அதில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் இருக்கும்.

அந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டிய குழுவுக்குத் தலைவர், சென்னையில் படித்த ஒரு டாக்டர். அதே அறிவைக் கொண்டு புற்றுநோயை அடிக்கவும் வழி காட்டினார். அவர்தான் எல்லப்பிரகட சுப்பாராவ்.

கதர் அங்கி

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் தடவை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தினார். ஆபரேஷன் செய்யும்போதும் கதர் அங்கிதான். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

வீட்டில் விழுந்த இடி

உடன் பிறந்தவர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தனர். "ஸ்புரூ" என்ற குடல் நோய் அவர்களைக் கொண்டு போயிற்று.

இந்த நோய் வந்தால் உணவிலுள்ள ஃபோலிக் சத்து உடம்பில் ஒட்டாது. அந்தச் சத்து இல்லாமல் அணுக்கள் சரியாகப் பிரிய முடியாது. எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடத்தில் அவை வீங்கிப் பெரிதாகி நிற்கும். இரத்தம் குறையும். பிற்காலத்தில் ஃபோலிக் அமிலமே இதற்கு மருந்தாயிற்று.

கடல் கடந்தார்

1923-ம் ஆண்டு, இளம் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா போனார். திரும்பி வரவேயில்லை. பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் இரவு நேரக் கூலி வேலை செய்துகொண்டே படித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பெரிய ஆராய்ச்சிகள் செய்தும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே 1945-ல் ஃபோலிக் அமிலம் தயாரானது. யானைக்கால் நோய்க்கும் மருந்து பிறந்தது.

கள்ளச் சாவி

புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. அதற்கு ஃபோலிக் சத்து வேண்டும். அதைப் போலவே தோன்றும் வேறொரு பொருளைக் கொடுத்தால்? பூட்டுக்குள் கள்ளச் சாவி நுழைந்தது போல் ஆகும். உண்மைச் சாவிக்கு இடமிராது. நோய் அணு பட்டினி கிடக்கும்.

சுப்பாராவ் குழு செய்த அந்த மருந்து அமினாப்டெரின். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேர் தேறினர். 1948-ல் செய்தி வெளியாயிற்று. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது.

ராட்சத அணுக்கள்

புற்றுநோய் ஏன் திரும்பி வருகிறது? காரணம் பல. அவற்றில் ஒன்றை விஞ்ஞானிகள் இன்று சில வகைக் கட்டிகளில் ஆராய்கிறார்கள்.

மருந்து பட்டதும் பெரும்பாலான அணுக்கள் மடிகின்றன. சில மட்டும் மடிவதில்லை, பிரிவதும் இல்லை. உள்ளேயுள்ள மரபு இழைகளை மட்டும் இரட்டித்து இரட்டித்து ராட்சதனாய் வீங்குகின்றன. பிரியும் அணுவைத் தாக்கும் மருந்து இவற்றை விட்டுவிடுகிறது. மருந்து ஓய்ந்ததும் இவற்றிலிருந்து சிறு அணுக்கள் முளைக்கின்றன. கட்டி மறுபடி வளர்கிறது.

19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் இவற்றைக் கண்டார்கள். ஆனால் சாகப் போகிற அணுக்கள் என்றே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன.

ஒன்று போதாது

ஒரே மருந்து போதாது என்பதை டாக்டர்கள் மெல்லக் கற்றார்கள். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அமினாப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் அவற்றில் ஒன்று. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

அதைப் பார்க்கச் சுப்பாராவ் இல்லை. 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசாங்கம் அவர் உருவத்தைத் தபால் தலையில் பொறித்தது.