29 வயசுல நின்னுபோன பேனா... பட்டுக்கோட்டையார் யாரைப் பார்த்துப் பாடினார்?

காலை எட்டரை மணி. மாடம்பாக்கத்துல இருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போற ஷேர் ஆட்டோவுல நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கீங்க. காதுல இயர்பாட்ஸ். நேத்து ராத்திரி ரிலீஸான பாட்டு ஓடிக்கிட்டிருக்கு. திடீர்னு சார்ஜ் தீர்ந்துடுது. அப்போதான் டிரைவர் அண்ணன் வெச்சிருக்கிற ஸ்பீக்கர் சத்தம் காதுல விழுது. டி.எம்.சௌந்தரராஜன் குரல். யாரோ ஒரு தம்பியை எழுப்புற பாட்டு. தூங்கினவங்க எல்லாம் எதை எதை இழந்தாங்கன்னு வரிசையா கணக்குச் சொல்ற பாட்டு.

தாத்தா காலத்துப் பாட்டுதானேன்னு நினைப்பீங்க. ஆனா, அதை எழுதினப்போ அந்தக் கவிஞருக்கு வயசு 28. அடுத்த வருஷமே அவர் இல்லை. உங்க டீம் லீடரைவிட சின்ன வயசுல இறந்துபோன ஒருத்தர், ஒரு தலைமுறையோட மனசை எப்படிப் பாட்டா எழுதி வெச்சுட்டுப் போனார்? அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம். அவர் பெயர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

மீன் குஞ்சுக்கு ஓர் எச்சரிக்கை

1930 ஏப்ரல் 13. பட்டுக்கோட்டை பக்கத்துல இருக்கிற செங்கப்படுத்தான்காடு கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அருணாசலனார் கும்மிப்பாட்டு எழுதத் தெரிந்தவர். அம்மா விசாலாட்சி. பள்ளிக்கூடப் படிப்பு ரெண்டாம் வகுப்போடு சரி. அதுக்கப்புறம் எழுத்தும் இலக்கணமும் அண்ணன் கணபதிசுந்தரத்திடம்தான்.

பதினஞ்சு, பதினாறு வயசுல ஒருநாள் குளத்தங்கரை மர நிழல்ல உட்கார்ந்திருந்தப்போ, தண்ணியில கெண்டைமீன் துள்ளுறதைப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டினார். அதுதான் அவரோட முதல் கவிதைன்னு சொல்வாங்க. மீனோட அழகை வர்ணிக்கிற பாட்டுன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. தூண்டில்காரன் வர்ற நேரமாச்சு, கரையோரம் வராதேன்னு மீன் குஞ்சுக்குச் சொல்ற எச்சரிக்கை அது.

இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. தன்னைவிடச் சின்ன உயிரைக் கூப்பிட்டு, உலகம் இப்படி இருக்கு, ஜாக்கிரதைன்னு சொல்றது. கடைசி வரைக்கும் அவர் செய்தது அதைத்தான்.

கிக் எகானமிக்கு முன்னாடியே

இன்னிக்கு நாம ஒரு வேலையில ரெண்டு வருஷம் இருந்தாலே ரெஸ்யூமேவுல பெருமையா போட்டுக்கிறோம். கல்யாணசுந்தரம் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி பார்த்த வேலைகள் 17-ன்னு ஒரு கணக்கு உண்டு. வயல்ல உழுதார், மாடு மேய்ச்சார், மாம்பழம் வித்தார், இட்லி வித்தார், மீன் பிடிச்சார், உப்பளத்துல வேலை பார்த்தார், நாடகத்துல நடிச்சார். அவர் பாட்டுல உழைப்பைப் பத்தி வர்ற ஒரு வார்த்தைகூட ஏசி ரூம்ல யோசிச்சது இல்லை.

அப்போ தஞ்சை மாவட்டம் கொதிச்சுக்கிட்டிருந்த நேரம். நிலம் ஒருத்தர் பேர்ல, உழைப்பு இன்னொருத்தர் தோள்ல. குத்தகை விவசாயிகளும் பண்ணையாட்களும் செங்கொடிக்குக் கீழே திரண்டாங்க. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தோட அழுத்தத்தால்தான். அந்த விவசாய இயக்கத்தில் கல்யாணசுந்தரமும் இருந்தார். ஜீவாவைத் தலைவரா ஏத்துக்கிட்டார். கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான 'ஜனசக்தி'யில் அவருடைய கவிதைகள் வந்தன.

இன்னொரு பக்கம், புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கத்துக்கிட்டார். கடிதம் எழுதும்போது மேலே பிள்ளையார் சுழி போடுறதுக்குப் பதிலா, பாரதிதாசனை வாழ்த்தித்தான் தொடங்குவாராம். கருத்து ஜீவாவிடமிருந்து, தமிழ் பாரதிதாசனிடமிருந்து, மெட்டு வயக்காட்டிலிருந்து. இந்த மூணும் சேர்ந்துதான் சென்னைக்கு வந்தது.

அந்தக் காலத்துல தஞ்சைப் பக்கமிருந்து எழும்பூர் போன ரயில்கள் நம்ம தாம்பரத்தைத் தாண்டித்தான் போகும். மாடம்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் எல்லாம் அப்போ ஏரித் தண்ணியில நெல் விளைஞ்ச ஊர்கள். இப்போ நீங்க இ.எம்.ஐ. கட்டுற அபார்ட்மென்ட்டுக்குக் கீழேகூட ஒரு காலத்துல யாரோ நாத்து நட்டிருப்பாங்க. ஊரைவிட்டுப் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த ஒரு தலைமுறையோட வழி அது. கல்யாணசுந்தரம் வந்து தங்கினது ராயப்பேட்டையில, நாடக, சினிமா நண்பர்களோட ஒரு வாடகை அறையில. இன்னிக்கு பி.ஜி.யில தங்குறோம் இல்லையா, அப்படித்தான்.

அஞ்சு வருஷம், அவ்வளவுதான்

முதலில் பாட்டெழுதின படம் 'படித்த பெண்'. பேர் வாங்கிக் கொடுத்தது 1956-ல் வந்த 'பாசவலை'. யாரோ புதுப் பையனாம்னு முதல்ல தயங்கின எம்.எஸ்.விஸ்வநாதன், அவர் எழுதித் தந்த வரிகளைப் படிச்சதும் அசந்துபோனாராம்.

1957-ல் கௌரவாம்பாளைத் திருமணம் செய்துகொண்டார். பாரதிதாசன் தலைமையில் நடந்த கல்யாணம். அடுத்து 1958-ல் எம்.ஜி.ஆர் சொந்தமா தயாரிச்சு, இயக்கி, இருந்ததையெல்லாம் பணயம் வெச்ச 'நாடோடி மன்னன்'. ஆட்டோவுல நீங்க கேட்டீங்களே, அந்தப் பாட்டு இந்தப் படத்துலதான். அதே படத்துல ஒரு விவசாயத் தம்பதி பேசிக்கிற பாட்டும் உண்டு. காடு கழனி விளைஞ்சாலும் நமக்கு மிஞ்சினது கையும் காலும்தானேன்னு மனைவி கேட்பா. இந்த நிலைமை மாறும்னு கணவன் தைரியம் சொல்வான். 17 வேலை பார்த்தவர் எழுதினதுன்னு கேட்டவுடனே தெரியும்.

1959-ல் ஸ்ரீதர் இயக்கின முதல் படம் 'கல்யாணப் பரிசு'. எல்லாப் பாட்டும் கல்யாணசுந்தரம். ஏ.எம்.ராஜா இசை. புரட்சிக் கவிஞர்னு ஒரே டப்பாவுல அடைச்சுடாதீங்க, காதலையும் பிரிவையும் இந்தப் படத்துல அவ்வளவு மென்மையா எழுதியிருப்பார். பிரேக்கப் பாட்டு நம்ம தலைமுறை கண்டுபிடிச்சது இல்லை பாஸ்!

1960-ல் வந்த 'இரும்புத்திரை' படத்துல, சம்பளப் பணம் பைக்குள்ள போறதுக்கு முன்னாடியே காணாமப் போற கதையைக் கிண்டலா எழுதியிருப்பார். திருச்சி லோகநாதன் குரல். சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜும், இ.எம்.ஐ. போன மெசேஜும் ஒரே நாள்ல வர்ற உங்களுக்கு அது புரியும்.

ஆனா, அந்தப் படம் வெளியானப்போ அவர் இல்லை. 1959 அக்டோபர் 8-ம் தேதி காலமாகிட்டார். வயசு 29. மகன் அப்போ கைக்குழந்தை.

தம்பி, பாப்பா, சின்னப்பயல்

அவர் போன பிறகும் பாட்டு வந்துக்கிட்டே இருந்தது. 1961-ல் எம்.ஜி.ஆர் நடிச்ச 'அரசிளங்குமரி', 'திருடாதே' ரெண்டுலயும் அவர் பாட்டு. முதல் பாட்டு ஒரு சின்னப் பையனுக்கு. உடம்பு வளர்ற மாதிரி அறிவும் வளரணும், வேப்பமரத்துல பேய் ஆடுதுன்னு சொல்லி உன் வீரத்தை முளையிலேயே கிள்ளி வைப்பாங்க, நம்பாதேன்னு சொல்றது. ரெண்டாவது ஒரு குழந்தைக்கு. சட்டம் போட்டு மட்டும் திருட்டை ஒழிக்க முடியாது, எல்லாம் எல்லாருக்கும் பொதுவானா பதுக்குற வேலையே இருக்காதுன்னு சொல்றது. தாலாட்டுற மாதிரி ஒரு மெட்டுக்குள்ள அரசியல் பொருளாதாரத்தையே வெச்சிருக்கார்.

கவனிச்சீங்களா? மீன் குஞ்சு, தம்பி, சின்னப்பயல், பாப்பா. கேட்கிறவங்க எல்லாருமே பாடுறவனைவிடச் சின்னவங்க. சுதந்திரம் கிடைச்சப்போ இருபதைத் தொடாத தலைமுறை அது. தங்களுக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்குக் கண்டிப்பா கிடைக்கும்னு அவங்க நம்பினாங்க. அதான் பாட்டெல்லாம் நாளைக்கு வரப்போறவனைப் பார்த்தே இருக்கு.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். சினிமாப் பாட்டு சிச்சுவேஷனுக்கும் ஹீரோவுக்கும் எழுதறது. அது எப்படி மக்களோட மனசாகும்? நியாயமான கேள்விதான். எம்.ஜி.ஆருக்கு நல்ல பிள்ளை இமேஜ் தேவைப்பட்டது, அதுக்கு இந்தப் பாட்டு உதவினது உண்மை. ஆனா, தரை டிக்கெட்ல உட்கார்ந்திருந்த மில் தொழிலாளியும் ரிக்‌ஷாக்காரரும் விசில் அடிக்கலைன்னா அந்த இமேஜும் இல்லை. 1952-ல் இருந்து ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்னே போச்சு. தரக்குறைவுன்னு அரசாங்கம் நினைச்சது. ஜனங்க ரேடியோ சிலோனைத் திருப்பி வெச்சுக் கேட்டாங்க. அரசாங்கம் வேணாம்னு சொன்னதை அலைவரிசை தேடிக் கேட்கிறாங்கன்னா, அதுல அவங்களுக்கு வேண்டிய ஏதோ இருந்திருக்கு. ஒரு தலைமுறை எப்படி வாழ்ந்ததுன்னு ஹிட் பாட்டு சொல்லாம போகலாம். தன்னைப் பத்தி எதைக் கேட்க ஆசைப்பட்டதுன்னு கண்டிப்பா சொல்லிடும்.

அந்தத் தம்பி என்ன ஆனான்?

இங்கேதான் கொஞ்சம் வலிக்கும். அவர் இறந்து ஒன்பது வருஷம் கழிச்சு, 1968 டிசம்பர் 25 அன்னிக்கு, அவர் பாடின அதே தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள்ள எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பாட்டு தந்த வாக்குறுதி அங்கே நிறைவேறலை.

1977-ல் எம்.ஜி.ஆர் முதலமைச்சர் ஆனார். அந்த வெற்றியில் இந்தப் பாட்டுகளுக்கும் ஒரு பங்கு உண்டுன்னு இன்னிக்கும் சொல்றாங்க. ஆனா, தூங்காம படிச்ச தம்பிங்க? 'நாடோடி மன்னன்' வந்தப்போ தொட்டில்ல இருந்தவங்களுக்கு 1980-ல் 22 வயசு. அந்த வருஷம் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு', 'நிழல்கள்' ரெண்டுமே வேலை கிடைக்காத இளைஞர்களோட கதை. வைரமுத்துவோட முதல் சினிமாப் பாட்டு 'நிழல்கள்' படத்துக்குத்தான். ஒரு இளைஞன் தனியா மாலை நேரத்து வானத்தை ரசிக்கிற பாட்டு. அழகான பாட்டு. ஆனா, அதுல தம்பி இல்லை. அவன் மட்டும்தான் இருக்கான்.

2011-ல் '3' படத்தோட கொலவெறிப் பாட்டு யூடியூப்ல வெடிச்சப்போ, தமிழும் இங்கிலீஷும் கலந்து, காதல்ல தோத்தவன் நண்பர்களைப் பார்த்துப் புலம்பினான். ஐ.டி. கம்பெனி காலத்துப் பசங்க பேசிக்கிட்ட மொழியே அதுதான். அதைக் குறைன்னு சொல்ல நான் யாரு? நானும் லூப்ல கேட்டவதான்.

அப்புறம் 2021-ல் அறிவும் தீயும் பாடின 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டியோட கதையிலிருந்து அறிவு எழுதினது. நிலத்துல உழைச்சவங்களுக்கு நிலம் சொந்தமில்லைங்கிற அதே கேள்வி. 1958-ல் அந்த விவசாயி மனைவி கேட்டதேதான். ஆனா, பாட்டோட முகம் திரும்பியிருக்கு பாருங்க. கல்யாணசுந்தரம் தம்பியைப் பார்த்து, உனக்குக் கிடைக்கும்னார். அறிவு பாட்டியை நினைச்சு, உங்களுக்கு ஏன் கிடைக்கலைன்னு கேட்கிறார். நடுவுல 63 வருஷம்.

உங்க லிஸ்ட்டை ஒருமுறை பாருங்க

எனக்கும் அந்த 29-ஐத் தொடுற வயசுதான். அந்த வயசுக்குள்ள கல்யாணசுந்தரம் ஒரு தலைமுறையையே எழுதி முடிச்சுட்டார். இப்போ அவர் பாட்டுகள் நாட்டுடைமை. பட்டுக்கோட்டையில அவருக்கு மணிமண்டபம் இருக்கு. எனக்கு அதைவிட முக்கியமா படறது, தனக்கே ஒரு நிலையான வேலை இல்லாத காலத்துலயும் அடுத்தவனோட நாளையைப் பத்தி யோசிக்க அவருக்கு மனசு இருந்தது.

நம்ம பிளேலிஸ்ட்ல தனிமை இருக்கு, எக்ஸ் இருக்காங்க, மாஸ் பில்டப் இருக்கு. எல்லாமே நிஜம்தான். வீட்டு வாடகையும் லே-ஆஃப் பயமும் இருக்கிற தலைமுறை வேற எப்படிப் பாடும்? ஆனா, இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. அதிகமா கேட்ட பத்துப் பாட்டை எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு பாட்டும் யார்கிட்ட பேசுதுன்னு பக்கத்துல எழுதுங்க. அதுல ஒண்ணாவது நம்மைவிடச் சின்னவங்ககிட்ட பேசுதா?

என் லிஸ்ட்ல ஒண்ணும் இல்லை. இன்னிக்குக் காலையில அந்த ஷேர் ஆட்டோ பாட்டைச் சேர்த்திருக்கேன். பத்தாம் வகுப்பு படிக்கிற என் தம்பிக்கும் அனுப்பியிருக்கேன். ப்ளூ டிக் வந்திருக்கு. பதில் இன்னும் வரலை.