கரண்ட் செலவைக் குறைச்சா கம்பெனியே காசு தருமா? சாமுவேல் இன்சல் போட்ட கணக்கு

சிகாகோவில் ஓர் ஆபீஸ் கட்டடம். கூரையில் இருக்கும் பழைய ஃப்ளோரசன்ட் ட்யூப்களைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுகிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை, ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் காமன்வெல்த் எடிசன் நிறுவனமே திருப்பித் தருகிறது. இதற்கு ரிபேட் என்று பெயர். மெஸ் நடத்துகிறவர், கொஞ்சமா சாப்பிடுங்க, நான் பணம் தர்றேன்னு சொல்ற மாதிரி இருக்கா?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மக்கள் எப்படியாவது அதிகமாக மின்சாரம் பயன்படுத்த வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க உழைத்த ஒருவர் வளர்த்த நிறுவனம் இது. அவர் பெயர் சாமுவேல் இன்சல். இறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் இந்த ரிபேட் எங்கிருந்து வருகிறது, அதை யார் கொடுக்கிறார்கள் என்று தேடிப்போனால் அவர் வாசலில்தான் போய் நிற்போம்.

எடிசனின் செக்ரட்டரி

இன்சல் 1859-ல் லண்டனில் பிறந்தார். பெரிய வசதியில்லாத குடும்பம். தாமஸ் எடிசனின் லண்டன் பிரதிநிதியிடம் வேலைக்குச் சேர்ந்தவர், 1881-ல் எடிசனுக்கே தனிச் செயலாளராக நியூயார்க் போனார். அப்போது வயது 21.

எடிசனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். கணக்கு வழக்கில் அவ்வளவு அக்கறை கிடையாது. கடிதம், கடன், சம்பளம், தொழிற்சாலை என எல்லாவற்றையும் இன்சல் பார்த்துக்கொண்டார். 1892-ல் எடிசனின் நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது. புதிய நிறுவனத்தில் இன்சலுக்கு ஆண்டுக்கு 36,000 டாலர் சம்பளத்தில் துணைத் தலைவர் பதவி. அதை விட்டுவிட்டு, 12,000 டாலர் சம்பளத்துக்கு சிகாகோ எடிசன் என்ற சின்ன கம்பெனியின் தலைவராகப் போனார். அதன் பங்குகளை வாங்க, சிகாகோவின் பெரிய வணிகர் மார்ஷல் ஃபீல்டிடம் இரண்டரை லட்சம் டாலர் கடனும் வாங்கினார். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுத்து, மேலே கடனும் வாங்கிக்கொண்டு வேலை மாறியதைப் பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைய சிகாகோவில் மின்சாரம் பணக்காரச் சமாச்சாரம். சின்னச் சின்ன கம்பெனிகள் நிறைய. பெரிய ஹோட்டல், ஆபீஸ், கடை வைத்திருந்தவர்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் சொந்தமாக டைனமோ போட்டுக்கொண்டார்கள். வெளியிலிருந்து வாங்குவது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

பிரைட்டன் கடைத்தெரு

கரண்ட்டை மூட்டை கட்டி குடோனில் வைக்க முடியாது. சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடுவார்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகப் பெரிய இயந்திரங்களை வாங்கி வைக்க வேண்டும். மீதி நேரம் முழுக்க அவை சும்மா நிற்கும். ஆனால் வட்டி சும்மா நிற்காதே.

1894 இறுதியில் இன்சல் இங்கிலாந்து போயிருந்தார். கடலோர ஊரான பிரைட்டனில், கடைகளைப் பூட்டிய பிறகும் உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அமெரிக்காவில் அப்படிச் செய்தால் பில் எகிறிவிடும். இங்கே எப்படி முடிகிறது என்று விசாரித்தார். அந்த ஊர் மின் நிலையத்தை நடத்திய ஆர்தர் ரைட் என்பவர் ஒரு புதுவகை மீட்டர் வைத்திருந்தார். மொத்தம் எத்தனை யூனிட் என்பதோடு, ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தீர்கள் என்பதையும் அது பதிவுசெய்தது.

பில்லும் அதே கணக்குப்படி இரண்டாகப் பிரிந்தது. உங்களுக்காக இயந்திரம் வாங்கி வைத்ததற்கு ஒரு தொகை. அது உங்கள் உச்சபட்சத் தேவையைப் பொறுத்தது. அதற்குமேல் எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிலக்கரிச் செலவை ஒட்டிய மலிவான விலை. அதனால்தான் பிரைட்டன் கடைக்காரர்கள் விளக்கை அணைக்கவில்லை. முதல் சில மணி நேரத்திலேயே இயந்திரத்தின் பங்கைக் கட்டியாயிற்று, அப்புறம் எரிந்தால் பெரிய செலவில்லை.

இந்த முறையைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார் இன்சல். நம்மூரில் உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஐ.டி. பார்க், மால், மருத்துவமனை பில்களில் யூனிட் கட்டணத்துக்குப் பக்கத்தில் கே.வி.ஏ. கணக்கில் டிமாண்ட் சார்ஜ் என்று ஒரு வரி வருமே, அது இதே கணக்குதான்.

அதன்பிறகு அவர் கவனமெல்லாம் இயந்திரம் சும்மா நிற்காமல் பார்த்துக்கொள்வதில் போனது. ராத்திரி விளக்கு எரிப்பவரோடு பகலில் மோட்டார் ஓட்டுபவரையும் பிடி. காலையும் மாலையும் ஓடும் டிராமையும் பிடி. லிஃப்ட், இஸ்திரிப் பெட்டி எதையும் விடாதே. எல்லோருடைய உச்ச நேரமும் ஒன்றாக வராது என்பதால், அதே இயந்திரம் பல மடங்கு பேருக்குப் போதும். விலையைக் குறைக்கலாம், குறைத்தால் இன்னும் ஆள் வருவார்கள். அடித்தள டைனமோக்கள் ஒவ்வொன்றாக நின்றன. 1907-ல் அவருடைய இரண்டு கம்பெனிகளும் இணைந்து காமன்வெல்த் எடிசன் உருவானது.

ஆள் துணிச்சல்காரர். 1903-ல் ஃபிஸ்க் தெரு மின் நிலையத்தில் 5,000 கிலோவாட் நீராவி டர்பைனை நிறுவினார். அவ்வளவு பெரியதை அதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. முதன்முறை ஓட்டும்போது வெடித்துவிடுமோ என்று பயந்த இன்ஜினியர், இன்சலை வெளியே போகச் சொன்னாராம். வெடித்தால் நானும் சேர்ந்தே போகிறேன் என்கிற மாதிரி அவர் அங்கேயே நின்றார் என்று சொல்வார்கள். வெடிக்கவில்லை.

அவராகக் கேட்ட கடிவாளம்

ரிபேட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1898-ல் அமெரிக்க மின் நிறுவனங்களின் சங்கத் தலைவராக இருந்த இன்சல், அந்த மாநாட்டிலேயே ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு ஊருக்கு ஒரே மின் நிறுவனம் போதும். அதற்குப் பதிலாக அரசு ஆணையம் ஒன்று கணக்கைப் பார்க்கட்டும். செலவையும் நியாயமான லாபத்தையும் சேர்த்து விலையை நிர்ணயிக்கட்டும். முதலாளிகள் முகம் சுளித்தார்கள். அரசே வந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்டட்டும் என்று எந்த வியாபாரி கேட்பார்?

இன்சல் கணக்கு வேறு. போட்டி இருந்தால் ஒரே தெருவில் நாலு கம்பி ஓடும், நாலு பேருக்கும் நஷ்டம். லாபம் உறுதி என்றால் வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் தரும். நகராட்சிகளே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் அபாயமும் குறையும். பொதுநலமும் சுயநலமும் சேர்ந்த யோசனை என்பதுதான் என் கருத்து. 1907-ல் விஸ்கான்சினும் நியூயார்க்கும் ஆணையம் அமைத்தன. 1914-ல் இல்லினாய்ஸில் ஆணையம் செயல்படத் தொடங்கியது.

இதற்கிடையே விளக்கே மாறியது. பழைய கார்பன் இழை பல்புக்குப் பதில் டங்ஸ்டன் இழை பல்பு வந்தது. அதே வெளிச்சத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். வருமானம் படுத்துவிடும் என்று மின் நிறுவனங்கள் பயந்தன. நடந்தது வேறு. வெளிச்சம் மலிவானதும், ஒரு விளக்கு இருந்த இடத்தில் மக்கள் மூன்று விளக்கு போட்டார்கள். பல நகரங்களில் மின் நிறுவனங்களே வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக பல்பு கொடுத்தன. அதாவது, பல்புக்கு கம்பெனி காசு போடுவது புதுசு இல்லை. அன்று அது விற்பனையை ஏற்றுவதற்காக.

சரிவு

1920-களில் இன்சலின் கை 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு நீண்டது. ஒரு கம்பெனியின் பங்கை இன்னொரு கம்பெனி வைத்திருக்கும், அதை மூன்றாவது வைத்திருக்கும். ஊழியர்களைக் கொண்டே வாடிக்கையாளர்களுக்குப் பங்கு விற்றார்கள். டீச்சர், கிளார்க், கடைக்காரர் எனச் சாதாரண ஆட்கள் சேமிப்பைப் போட்டார்கள். 1929 நவம்பரில் சிகாகோ ஆற்றங்கரையில் அவர் கட்டிய 45 மாடி சிவிக் ஆபரா கட்டடம் திறந்தது. ஆபீஸ் வாடகையில் ஆபரா நடக்கட்டும் என்பது திட்டம். பங்குச்சந்தை சரிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

1932-ல் மேலே அடுக்கிய ஹோல்டிங் கம்பெனிகள் விழுந்தன. சிறு முதலீட்டாளர்களின் பணம் போனது. இன்சல் கிரீஸுக்குப் போய்விட்டார். 1934-ல் கப்பலில் வெளியேறியவரைத் துருக்கி பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தொடர்ந்து நடந்த வழக்குகளில் அவர் விடுதலையானார். சட்டப்படி குற்றமில்லை என்றாயிற்று. பணத்தை இழந்தவர்களுக்கு அதனால் எதுவும் திரும்பவில்லை. இத்தகைய அடுக்குக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த 1935-ல் தனிச் சட்டமே வந்தது. 1938 ஜூலை 16 அன்று பாரிஸ் மெட்ரோ ரயில் நிலையத்தில் மாரடைப்பில் இறந்தார்.

அடுக்கு விழுந்தாலும் அடியில் இருந்த காமன்வெல்த் எடிசன் விழவில்லை. ஆணையம், உறுதியான லாபம் என்ற ஏற்பாடும் அப்படியே நின்றது.

சரி, இப்போ ரிபேட்டுக்கு வருவோம்

பெரிசாகக் கட்டினால் விலை குறையும் என்ற இன்சல் கணக்கு 1970-களில் நின்றுபோனது. 1973 எண்ணெய் நெருக்கடி, ஏறிய வட்டி, செலவு பிடித்த புதிய மின் நிலையங்கள். புதிதாக ஒரு யூனிட் உற்பத்தி செய்வதைவிட, இருக்கும் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துவது மலிவு என்ற நிலை வந்தது. ஆணையங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தன: மின் நிலையத்துக்குச் செலவழிப்பதை, வாடிக்கையாளரின் விளக்கை மாற்றச் செலவழித்தால் என்ன? வணிகக் கட்டடங்கள் இதற்குத் தோதானவை. பகல் முழுக்க, ஊரே அதிக மின்சாரம் இழுக்கும் நேரத்தில், அவற்றின் விளக்குகள் எரிகின்றன.

இல்லினாய்ஸ் 2007-ல் சட்டம் போட்டது. 2008 முதல் காமன்வெல்த் எடிசன் இத்திட்டங்களை நடத்துகிறது. பணம் கம்பெனியின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. வாடிக்கையாளர் பில்களில் ஒரு சிறு கட்டணம் சேர்கிறது. விளக்கை மாற்றாதவரும் கட்டுகிறார். இது நியாயமா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. சேமிப்பால் எல்லோருக்குமே செலவு குறைகிறது என்பது ஆணையத்தின் வாதம். வாடகைக் கட்டடத்தில் சின்னக் கடை வைத்திருப்பவருக்கு அந்த வாதம் அவ்வளவு எளிதில் இறங்காது.

2016-ல் வந்த அடுத்த சட்டம்தான் இன்சலுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். திட்டச் செலவை மின் நிலையம் கட்டியது போல முதலீடாகக் கணக்கில் காட்டி, ஆண்டுக்கணக்கில் பரப்பி, அதன்மேல் லாபம் எடுக்க நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. சேமிப்பு இலக்கைத் தாண்டினால் அந்த லாபம் கூடும், தவறினால் குறையும்.

அவர் கட்டிய 45 மாடி இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது. அந்த ஊரில் ஆபீஸ் விளக்கை மாற்ற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்: வாங்கும் எல்.இ.டி. திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, வேலை தொடங்கும் முன்பே நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டிய வகையா. ஒப்புதல் தேவைப்படும் வேலைக்கு, பழைய ட்யூப்பைக் கழற்றிப் போட்டபிறகு விண்ணப்பித்தால் பணம் கிடைப்பது கஷ்டம்.