மனிதரை விஞ்சிய ஆயுள்: பிஸ்டல் செய்த ஜோன் பிரவுனிங்

துவக்கைப் பற்றி எழுதினால் எமது சனம் இரண்டு விதமாகப் பார்க்கும். பழைய நாட்களுக்கு ஏங்குகிறார் என்பது ஒன்று. ஆறிவரும் புண்ணைக் கிளறுகிறார் என்பது மற்றது. இரண்டும் எனது நோக்கமல்ல. முப்பது ஆண்டுகள் ஆயுதங்களின் நடுவே வாழ்ந்தவர்கள் நாங்கள். எந்தச் சத்தம் எந்தத் துவக்கினுடையது என்று சின்னப்பிள்ளைகளும் சொல்லிய காலம் அது. ஆனால் அவற்றை முதலில் செய்தவர்கள் யார், எந்த ஊரில் எந்த மேசையில் இருந்து செய்தார்கள் என்று நாங்கள் தேடியதில்லை. அப்படி ஒருவரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்கிறேன். அவர் பெயர் ஜோன் மோசஸ் பிரவுனிங்.

அவரைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இன்று உலகெங்கும் மலிந்து கிடக்கும் சட்டைப்பை அளவுப் பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒருவகையில் அவருடைய கையிலிருந்து வந்தவை. அவற்றுள் நல்லவையும் அவருடைய வழி, மட்டமானவையும் அவருடைய வழி. ஒரு பொருளின் தரம் என்றால் என்ன, அது நீடித்து உழைப்பது யாருக்கு நன்மை என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைப்போல வேறொன்று எனக்கு விடை தந்ததில்லை.

பிரவுனிங் 1855 ஜனவரியில் அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில், ஓக்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜொனதன் பிரவுனிங் ஒரு துவக்குக் கம்மாளர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்தவர். இலினோய் மாநிலத்தின் நோவூ நகரில் மோர்மன்கள் வாழ முடியாத நிலை வந்தபோது, தம் மக்களோடு மேற்கே இடம்பெயர்ந்து வந்தவர். மூன்று மனைவியருக்கும் அவருக்குமாக 22 பிள்ளைகள். பட்டறையில் துவக்கும் திருத்துவார், சட்டிபானையும் ஒட்டுவார். வந்தவர் கேட்பது எதுவோ அதுதான் அன்றைய வேலை.

அந்தப் பட்டறையின் குப்பை மூலையே ஜோனின் விளையாட்டிடம். சுமார் பத்து வயதில், எறிந்து கிடந்த பழைய துவக்குக் குழாய் ஒன்றைப் பலகைத் துண்டில் கம்பியால் கட்டி, தம்பியோடு காட்டுக்கோழி வேட்டைக்குப் போனான் என்று குடும்பத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். வன்னியில் இடியன் துவக்குக் கட்டியவர்களை அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது. தந்தை அவனை அடிக்கவில்லை. இந்த வயதுக்கு இதைவிடத் திருத்தமாகச் செய்திருக்கலாம் என்று மட்டும் குறை சொன்னாராம்.

1879 இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 7 ஆம் திகதி ஜோனுக்கு முதலாவது காப்புரிமை கிடைத்தது. ஒரு தடவைக்கு ஒரு ரவை போடும் றைபிள் அது. தம்பிமாரோடு சிறிய பட்டறையில் அதைச் செய்து விற்றார். 1883 இல் வின்செஸ்டர் கம்பனியின் அதிகாரி ஓக்டனுக்கே வந்து, 8,000 டொலருக்கு அதன் உரிமையை வாங்கிப்போனார். அடுத்த 19 ஆண்டுகளில் வின்செஸ்டர் அவரிடமிருந்து 40 இற்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை வாங்கியது. அவற்றில் பலவற்றை அந்தக் கம்பனி செய்யவே இல்லை. போட்டிக் கம்பனிகளின் கைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக வாங்கிப் பூட்டி வைத்தது.

வாழ்நாளில் 128 காப்புரிமைகள் பெற்றார். எங்களுக்குப் பழக்கமான 50 கலிபரின் தொடக்கமும் அவருடைய வேலைதான். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய ஆயுதங்களை அல்ல. சட்டைப்பைக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னஞ்சிறு பிஸ்டலைத்தான்.

19 ஆம் நூற்றாண்டின் கடைசிவரை கைத்துவக்கு என்றால் பெரும்பாலும் ரிவோல்வர். நடுவில் உருளை பருத்திருக்கும், ஒளிப்பது கடினம். தானியங்கிப் பிஸ்டல்களைச் சிலர் செய்து பார்த்திருந்தாலும் அவை பெரியவை, விலை கூடியவை, உறுப்புகள் அதிகம் கொண்டவை. பிரவுனிங் வேறு வழியில் யோசித்தார். சிறிய ரவையின் உந்துவிசை குறைவு. ஆகவே வெடிக்கும் கணத்தில் குழாயைப் பூட்டிவைக்கும் சிக்கலான பொறிமுறை அதற்குத் தேவையில்லை. மேற்பாகத்தின் பாரமும் ஒரு சுருள்வில்லும் அந்த வேலையைப் பார்க்கும். உறுப்புகள் குறைந்தால் செலவும் குறையும், பழுதும் குறையும்.

1897 இல் பெல்ஜியத்தின் எப்.என். தொழிற்சாலையின் பிரதிநிதி அமெரிக்காவில் அவரைச் சந்தித்தார். லியேஜ் நகரத்துக்கு அருகே ஹெர்ஸ்டாலில் 1889 இல் தொடங்கிய தொழிற்சாலை அது. தம் அரசுக்கு 150,000 மவுசர் றைபிள்கள் செய்யவென்று கட்டப்பட்டது. அந்த வேலை முடிந்தபின் புதிய இயந்திரங்கள் சும்மா கிடந்தன. பிரவுனிங்கின் 7.65 மில்லிமீற்றர் பிஸ்டல் அந்த இயந்திரங்களுக்கு வேலை கொடுத்தது. 1900 ஆம் ஆண்டின் மாதிரி என்று அதைச் சொல்வார்கள். ஏழு ரவைகள் கொள்ளும், தட்டையானது, கோட்டுப் பையில் வைத்தால் தெரியாது. சுமார் 11 ஆண்டுகளில் ஏழு லட்சம் அளவில் செய்யப்பட்டது. 1905 இல் வந்த 6.35 மில்லிமீற்றர் பிஸ்டல் உள்ளங்கைக்குள் அடங்கியது.

விலை எட்டக்கூடியதாக இருந்தும் தரம் தாழவில்லை. நல்ல உருக்கை இயந்திரத்தில் கடைந்து, உறுப்புகளை அளவு பிசகாமல் செய்தார்கள். லியேஜில் நூற்றாண்டுகளாக ஒரு சட்டம் உண்டு. எந்தத் துவக்கும் நகரின் பரிசோதனைச் சாலைக்குப் போய், வழமையைவிடக் கூடிய மருந்தால் வெடிக்கவைக்கப்பட்டு, தாங்கினால் மட்டுமே முத்திரை பெறும். அந்த முத்திரையோடு வந்த பிஸ்டல் வாங்கியவரின் பேரன் காலத்திலும் வேலை செய்தது.

எவருடைய கைகளுக்கு அது போனது என்பது வேறு கதை. 1904 இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பொப்ரிகோவை ஒரு பின்லாந்து இளைஞர் சுட்டது இந்த 1900 மாதிரியால். 1909 இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைக் கொரியரான ஆன் ஜுங் கியூன் சுட்டதும் அதே மாதிரியால். 1911 ஜூன் 17 ஆம் திகதி மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்தான். மூன்று தேசத்து இளைஞர்கள், மூன்று விடுதலைக் கனவுகள், ஒரே தொழிற்சாலை. ஓக்டனில் இருந்தவருக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது.

1902 இல் வின்செஸ்டரோடு உறவு முறிந்தது. புதிய ஷொட்கன் ஒன்றுக்கு ஒரே தொகைக்குப் பதிலாக, விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு தரவேண்டும் என்று பிரவுனிங் கேட்டார். கம்பனி மறுத்தது. ரெமிங்டன் கம்பனிக்குப் போய்த் தலைவருக்காகக் காத்திருந்த வேளையில், அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துவிட்ட செய்தி வந்தது. உடனே கப்பலேறி பெல்ஜியம் போனார். அதன்பின் ஹெர்ஸ்டால் அவருக்கு இரண்டாவது ஊராயிற்று.

1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் அவருடைய 45 கலிபர் பிஸ்டலைச் சோதித்தது. பெரிய பிஸ்டல் என்றாலும், தரம் என்றால் அவருக்கு என்ன என்பதை அந்தச் சோதனை காட்டுகிறது. இரண்டு நாளில் 6,000 ரவைகள் சுட்டார்கள். சூடேறினால் தண்ணீரில் தோய்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். ஒரு தடவையேனும் அது சிக்கவில்லை.

1914 ஜனவரியில் எப்.என். தொழிற்சாலை தனது பத்து லட்சமாவது பிரவுனிங் பிஸ்டலைக் கொண்டாடியது. பெல்ஜிய மன்னர் அவருக்கு வீரப்பட்டம் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து, ஜூன் 28 ஆம் திகதி, சரயேவோ நகரில் 19 வயதுக் கவ்ரிலோ பிரின்சிப் இரண்டு வெடி வைத்தான். ஆஸ்திரிய இளவரசரும் மனைவியும் இறந்தார்கள். அவனுடைய கூட்டத்தாருக்குக் கொடுக்கப்பட்ட நான்கு பிஸ்டல்களும் பிரவுனிங்கின் 1910 மாதிரி, எப்.என். முத்திரை பதித்தவை. ஒரு ரவையின் ஈயம் சுமார் 6 கிராம். அந்த ஆண்டு ஓகஸ்டில் ஜெர்மன் படைகள் முதலில் வந்து விழுந்தது லியேஜ் மீதுதான். பிஸ்டல் செய்த ஊரையே போர் தின்றது. அந்தப் போருக்குப் பிஸ்டல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தன. ஆனால் அந்தக் கணத்தில் அது சிக்கவில்லை என்பதும் உண்மை.

போர் தொடங்கியதும் மலிவின் மற்ற முகம் தெரிந்தது. பிரெஞ்சு இராணுவத்துக்குப் பிஸ்டல் போதவில்லை. ஸ்பெயினின் எய்பார் நகரப் பட்டறைகள் பிரவுனிங்கின் வடிவத்தைப் பார்த்து 'ரூபி' என்ற பிஸ்டலைச் செய்துகொண்டிருந்தன. மாதம் 10,000 என்று தொடங்கிய ஓடர் 30,000 வரை ஏறியது. ஒரு பட்டறையால் முடியாமல் பல பத்துப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவரின் உறுப்பு மற்றவரின் பிஸ்டலில் பொருந்தவில்லை. ரவைக்கூடு கூட மாறிப் போடமுடியாது. சிலவற்றின் உருக்கு மென்மையாக இருந்ததால் உள்ளுறுப்புகள் விரைவில் தேய்ந்தன. நல்ல பட்டறையில் செய்ததா, மட்டமான பட்டறையில் செய்ததா என்பது கிடங்குக்குள் இருந்த படைவீரனுக்குத் தெரியாது.

பிரவுனிங் 1926 நவம்பர் 26 ஆம் திகதி இறந்தார். வயது 71. ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில், தன் மகன் வால் வேலைபார்த்த அறையில், புதிய பிஸ்டல் ஒன்றின் வேலையில் இருந்தபோது இருதயம் நின்றது. அந்த வேலையை டியோடோனே செவ் என்பவர் 1935 இல் முடித்தார். அதுவே பின்னர் பல நாட்டு இராணுவங்களின் இடுப்பில் தொங்கிய 9 மில்லிமீற்றர் பிரவுனிங்.

அவர் இறந்தபின்னும் சின்ன ரவைகள் ஓயவில்லை. 1948 ஜனவரி 30 இல் காந்தியைக் கொன்றது 1934 இல் செய்த இத்தாலிய பெரட்டா. அது சுட்டது பிரவுனிங் வடிவமைத்த 9 மில்லிமீற்றர் குறு ரவை. 1968 இல் ரொபர்ட் கென்னடி ஒரு மலிவான 22 கலிபர் ரிவோல்வரால் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே அமெரிக்கா மலிவான கைத்துவக்குகளின் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் செய்தது. உள்ளூரில் செய்வதை அது தடுக்கவில்லை. 1970 இல் கலிபோர்னியாவில் ரேவன் என்ற கம்பனி தோன்றி, பிரவுனிங்கின் 25 கலிபர் ரவைக்கு ஏற்ற பிஸ்டலை நாகக் கலப்புலோகத்தில் வார்த்து, சில பத்து டொலருக்கு விற்றது. உருக்கைக் கடைய நேரமும் கூலியும் தேவை. நாகத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் போதும். ஆனால் அது உருக்கின் பலத்துக்கு வராது, சுடச்சுடத் தேயும், வெடிக்கும்.

1999 இல் கலிபோர்னியா இத்தகைய பிஸ்டல்களுக்கு எதிராக ஒரு சோதனையைச் சட்டமாக்கியது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடாது. 600 ரவை சுடுகையில் ஆறு தடவைக்கு மேல் சிக்கக்கூடாது. 1911 இல் 6,000 ரவைக்கு ஒரு தடவையும் சிக்காத ஒன்றைச் செய்தவரின் வழிவந்தவற்றுக்கு, 88 ஆண்டுகளின் பின் வைத்த அளவுகோல் இது.

இதைப் படித்தபோது எனக்குள் எழுந்த எண்ணம் விசித்திரமானது. தையல் மெஷின் நீடித்து உழைத்தால் நாங்கள் மகிழ்வோம். இடப்பெயர்வில் தலையில் சுமந்துபோன மெஷினால் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்களை எல்லோருக்கும் தெரியும். மண்வெட்டிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் அப்படியே. பிஸ்டலில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மட்டமான பிஸ்டல் சுடுபவனின் கையையே பதம்பார்க்கும், கீழே விழுந்து பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கொல்லும். எங்கள் நாட்டுச் செய்திகளில் வரும் கல்கட்டஸ் துவக்கும் அப்படித்தான். தரமான பிஸ்டலோ கை மாறி, கொடி மாறி, காரணம் மாறி, எவன் எடுத்தாலும் அவனுக்கு வேலை செய்யும். முதலாவதின் ஆபத்து அதன் குறையில் இருக்கிறது. இரண்டாவதின் ஆபத்து அதன் நிறைவில் இருக்கிறது.

பிரவுனிங்கைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலில் பொய் சொல்லாதவர். திருத்தமாகச் செய் என்று தந்தை சொன்னதைச் சாகும்வரை கடைப்பிடித்தவர். ஆனால் திருத்தமாகச் செய்த பொருள், செய்தவனுடைய சொல்லையும் வாங்கியவனுடைய சொல்லையும் கடைசிவரை கேட்பதில்லை. ஆயுதத்தைக் கையில் எடுக்கும் தலைமுறை, அதைக் கீழே வைக்கும் நாளையும் தானே தீர்மானிக்கலாம் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை என்னவாகும் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இன்றும் காணி துப்புரவாக்கும்போது துருப்பிடித்த ஆயுதங்கள் வெளிவருகின்றன. புதைத்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பிரின்சிப் 1918 ஏப்ரலில், காசநோய் தின்ற உடம்போடு சிறையில் இறந்தான். அவன் எதிர்த்த பேரரசும் அந்த ஆண்டே கலைந்தது. சரயேவோ பிஸ்டல்கள் நெடுங்காலம் ஒரு கத்தோலிக்கத் துறவிகள் சபையிடம் கிடந்து, 2004 இல் வியன்னாவின் இராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்தன. சுட்டவன் இல்லை, சுடப்பட்டவர்கள் இல்லை, செய்தவர் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த உருக்கு மட்டும் இருக்கிறது.