மைசூர் மகாராஜா காப்பாற்றிய ருஷ்ய சங்கீதம்

1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்ய கவர்னராக இருந்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். கர்நாடக சங்கீதத்தில் 94 கீர்த்தனைகள் இயற்றிய ரசிகர். பியானோவும் முறைப்படி பயின்றவர். அவர் கைகொடுத்த ருஷ்ய மேதை ஒருவர் உண்டு. பெயர் நிக்கலாய் மெட்னர்.

மெட்னர் 1880-ம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். பியானோ வித்வானாகவே இருந்திருந்தால் பணம் குவித்திருப்பார். அதை உதறிவிட்டு இசை இயற்ற உட்கார்ந்துவிட்டார். சொனாட்டா என்னும் பெரிய உருப்படிகள் மட்டும் பியானோவுக்கு 14 செய்தார். 'கதைகள்' என்று பெயரிட்ட சிறு உருப்படிகள் இன்னும் அழகு. பியானோ இல்லாமல் அவர் எதையுமே இயற்றவில்லை!

புதுமை என்ற பெயரில் சுருதி உறவையே உடைத்த சங்கீதம் அவருக்கு ஆகவே ஆகாது. அதைக் கண்டித்து 1935-ல் புத்தகமே போட்டார். வெளியிட உதவியவர் நண்பர் ராக்மனினாவ். உலகமோ இவரைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கியது.

1921-ல் தாய்நாட்டை விட்டுக் கிளம்பியவர் ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, கடைசியில் லண்டன் சேர்ந்தார். இரண்டாவது உலக யுத்தம் மூண்டதும் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வந்த வருமானம் நின்றது. 1942-ல் மாரடைப்பு வேறு.

அப்போதுதான் மைசூரிலிருந்து உதவி வந்தது. மகாராஜாவின் பணத்தில் 1946-ல் மெட்னர் சங்கம் ஏற்பட்டது. மறு ஆண்டு முதல், உடல் நலிந்த மெட்னரே பியானோ முன் அமர்ந்து, தம் இசையை ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகளில் பதிந்தார். தமது மூன்றாவது கன்செர்ட்டோவை மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார்.

1951 நவம்பரில் லண்டனில் காலமானார். அவர் கைப்பட வாசித்த அந்தப் பதிவுகளை இன்றும் கேட்கலாம்.