பறித்தது பதக்கத்தைத்தான்!

ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவரிடம், ஆறே மாதத்தில் அதைத் திருப்பிக் கொடு என்றால் எப்படி இருக்கும்? ஜிம் தோர்ப்புக்கு அதுதான் நடந்தது.

1887-இல், இன்றைய அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனத்தில் பிறந்தவர் இவர். இனத்தார் வைத்த பெயருக்கு ஒளிமிக்க பாதை என்று பொருள். ஆனால் அந்தப் பாதையில் வெளிச்சம் குறைவுதான். இரட்டைச் சகோதரன் சிறுவயதிலேயே போய்விட்டான். பிறகு அம்மா, அப்புறம் அப்பா. பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேச விடாமல் வளர்த்த கார்லைல் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கேதான் விளையாட்டு அவரைத் தூக்கி நிறுத்தியது. 1911-இல் அமெரிக்கக் காற்பந்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தையே 18-15 என்று கார்லைல் வீழ்த்தியபோது, ஆட்டத்தின் நாயகன் தோர்ப்தான்.

அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். போட்டி நேரத்தில் அவருடைய காலணி காணாமல் போனது. ஒன்றுக்கொன்று சேராத இரண்டு காலணிகளை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். ஐவகைப் போட்டியிலும் தங்கம், பத்துவகைப் போட்டியிலும் தங்கம்!

1913 ஜனவரியில் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. 1909, 1910 கோடைக்காலங்களில் வட கரோலினாவில் சொற்பப் பணத்துக்கு அவர் பேஸ்பால் ஆடியிருக்கிறார். காசுக்கு ஆடியவருக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. மற்ற கல்லூரி மாணவர்களும் அப்படி ஆடியவர்கள்தான். ஆனால் பொய்ப்பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடி மாட்டிக்கொண்டார். புகார் 30 நாளுக்குள் வர வேண்டும் என்ற விதியை யாரும் பார்க்கவில்லை. பதக்கங்கள் போயின, சாதனையும் அழிக்கப்பட்டது.

மனுஷன் உட்கார்ந்து அழவில்லை. அதே ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். 1919 வரை பெரிய லீக்கில் 289 ஆட்டங்கள். கூடவே தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து. இன்றைய என்எஃப்எல் 1920-இல் வேறு பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் இவரே. பிற்காலத்தில் வறுமை வாட்டியது. சினிமாவில் சின்ன வேஷம், பள்ளம் தோண்டும் கூலிவேலை என எதையும் செய்தார். 1953-இல் கண்மூடினார்.

1983-இல் பதக்கங்களின் பிரதிகள் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டன. ஆனாலும் பதிவேட்டில் அவர் இணை வெற்றியாளர் மட்டுமே. 2022-இல்தான் இரண்டு போட்டிகளுக்கும் ஒரே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். 110 ஆண்டுகள்! பத்துவகைப் போட்டியில் இரண்டாவதாக வந்த ஸ்வீடன் வீரர் வீஸ்லாண்டர், அந்தத் தங்கத்தைத் தமதென்று ஏற்றதே இல்லை என்று அவர் குடும்பத்தார் அப்போது உறுதிப்படுத்தினார்கள்.

இளைஞர்களே, இந்தக் கதையில் நமக்கு இரண்டு பேர் வேண்டும். அநியாயம் நடந்த பிறகும் உழைப்பை விடாத தோர்ப் ஒருவர். தனக்கு உரியதல்லாததைக் கையில் கொடுத்தும் வேண்டாம் என்ற வீஸ்லாண்டர் இன்னொருவர். தர்மம் என்று நாம் சொல்வது இந்த இரண்டையும்தானே?