ஹவாய் சிப்பாய் ஹர்ஜிந்தர் சிங்

விமானப் படை வீரர் என்றால் விமானம் ஓட்டுபவரையே நம்மவர் எண்ணுகின்றனர். அவரை வானுக்கு அனுப்பிவிட்டு, கையில் எண்ணெய்க் கறையோடு தரையில் நிற்பவரை எவரும் நினைப்பதில்லை. ரயில்வே ஊழியராகிய நமக்கு இது புதிதன்று. மெயில் வண்டி டிரைவரை அறிந்த ஊரார், இரவெல்லாம் ஷெட்டில் எஞ்சினைப் பழுது பார்த்த ஃபிட்டரை அறியார். அத்தகைய தொழிலாளியாய்த் தொடங்கி ஏர் வைஸ் மார்ஷல் பதவியை எய்திய ஹர்ஜிந்தர் சிங் அவர்களின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகிறோம்.

பஞ்சாபியரான இவர் லாகூர் மக்லகன் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். அப்படிப்புக்கு அந்நாளில் கௌரவமான உத்தியோகம் கிடைத்திருக்கும். அதனை விடுத்து, அப்பொழுதுதான் உருவாகி வந்த இந்திய விமானப் படையில் ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்தார். கடைநிலைப் பதவி அது. வீட்டார் மனம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளைப் பெற்ற நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1933 ஏப்ரல் 1ஆம் நாள் கராச்சி டிரிக் ரோடில் முதலாம் ஸ்குவாட்ரன் தோன்றியது. நான்கு வாபிட்டி விமானங்கள், ஆறு அதிகாரிகள், பத்தொன்பது ஹவாய் சிப்பாய்கள்; அவ்வளவே நம் விமானப் படை. அவ்வதிகாரிகளுள் ஒருவர் சுப்ரோதோ முகர்ஜி. இந்தியர் யந்திரத்தைப் பேண வல்லவரல்லர் என்ற எண்ணம் ஆங்கிலேயரிடையே வேரூன்றியிருந்த காலம். ஒரு விமானம் பழுதாகி விழுந்தால் பழி ஒருவர்மீது நில்லாது, நாட்டின்மீதே விழும். பின்னர் வடமேற்கு எல்லை மலைகளிலும் அவ்விமானங்கள் பறந்தன.

சோதனை 1942இல் பர்மாவில் வந்தது. மஜும்தார் தலைமையில் சென்ற ஸ்குவாட்ரனிடம் இருந்தவை லைசாண்டர்கள். தரைப் படைக்காக வேவு பார்க்கவும் செய்தி கொண்டு செல்லவும் ஏற்பட்டவை அவை. எதிரியின் தளத்தைத் தாக்கும் குண்டு விமானங்கள் அல்ல. பிப்ரவரித் தொடக்கத்தில் டௌங்கூ தளத்தை ஜப்பானியர் தாக்கினர். மறுமொழி கூறவேண்டும் என்றார் மஜும்தார். வாரண்ட் அதிகாரியாயிருந்த ஹர்ஜிந்தர் சிங்கும் அவருடைய தொழிலாளரும் கிடைத்தவற்றைக் கொண்டு, ஒவ்வொரு விமானத்திலும் 250 ராத்தல் குண்டுகள் இரண்டைத் தொங்கவிட வகை செய்தனர். சயாம் நாட்டு மே ஹாங் சோன் தளத்தை மஜும்தார் தாக்கித் திரும்பினார். மறுநாள் ஸ்குவாட்ரன் முழுவதும் சென்றது. கொக்கி ஒன்று நழுவியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

பதக்கங்களைப் பற்றி ஒரு சொல். மஜும்தாருக்கு டி.எஃப்.சி. கிடைத்தது, வானில் எதிரியை எதிர்கொண்டோர்க்கு உரிய விருது அது. நமது பொறியாளர் போர்க்காலத்தில் பெற்றது எம்.பி.ஈ.; அது வீரத்திற்கன்றி ஊழியத்திற்கு அளிக்கப்படுவது. சுதந்திர இந்தியா அளித்த பரம விசிஷ்ட சேவா பதக்கமும் அத்தகையதே. அது 1960இல் ஏற்படுத்தப்பட்டு, முதலில் விசிஷ்ட சேவா பதக்கம் முதல் வகுப்பு எனப்பட்டது; 1967இல் பெயர் மாறிற்று. பழுதாகாத யந்திரத்திற்கென்று தனிப் பதக்கம் எந்நாட்டிலும் இருப்பதாய் நாம் கேள்விப்படவில்லை!

1942இலேயே அவர் அதிகாரியானார். பின்னர் கான்பூர் அவருடைய கர்மபூமியாயிற்று. பழுது பார்க்கும் டெப்போவில், 1950களின் பிற்பகுதியில், நால்வர் அமரும் கான்பூர்-1 என்னும் சிறு விமானத்தை உருவாக்கினார். பழுது பார்ப்போர் புதிதாய்ச் செய்யவும் வல்லவர் என்பதே அவர் துணிபு. பராமரிப்புக் கமாண்டின் தலைவராய் இருந்து, பிரிட்டிஷ் ஆவ்ரோ 748 விமானத்தை இங்கேயே கட்டும் பணியை முன்னின்று நடத்தினார். பிற்காலத்தில் இந்தியன் ஏர்லைன்ஸிலும் ஆவ்ரோக்கள் ஓடின. நம் காலனியில் அதில் ஏறியவர் சிலரேனும் இருப்பர்.

1971இல் அவர் மறைந்தார். அவர் எழுதி வைத்த நினைவுகள் 1977இல் நூலாயின.

கான்பூரில் கட்டிய முதல் ஆவ்ரோ 1961 நவம்பர் 1ஆம் நாள் வானில் எழும்பிற்று. டிரிக் ரோடில் அவரோடு தொடங்கி, படையின் முதல் இந்தியத் தளபதியாகி, முந்தைய ஆண்டு டோக்கியோவில் காலமான முகர்ஜியின் நினைவாக அதற்கு இட்ட பெயர் சுப்ரோதோ.